இருக்கிறதா, இயங்குகிறதா?

ஓய்ந்து கிடக்கும் ஒரு செல், இரண்டாகப் பிரியத் தயாராகும் ஒரு செல், கட்டுக்கடங்காமல் பெருகும் ஒரு புற்றுநோய்ச் செல். மூன்றையும் உடைத்து, உள்ளே எர்க் என்னும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. முதல் செல்லில் எர்க் சும்மா இருக்கிறது. இரண்டாவதில் சில நிமிடங்களுக்கு முன்புதான் வேலையைத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவதில் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருக்கிறது. அளவை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்.

எர்க் ஒரு கைனேஸ். செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் ஏற்றுவதுதான் கைனேஸ்களின் வேலை. பாஸ்பேட் ஏறியதும் அந்தப் புரதத்தின் வடிவமும் நடத்தையும் மாறுகின்றன. பாஸ்படேஸ் என்னும் இன்னொரு வகை நொதி வந்து அதை இறக்கிவிட்டால், புரதம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மனித மரபணுத் தொகுதியில் புரதக் கைனேஸ்களுக்கான மரபணுக்கள் 518 என்று 2002இல் ஓர் ஆய்வுக்குழு பட்டியலிட்டது.

செல்லுக்கு வெளியே ஒரு வளர்ச்சிக் காரணி வந்து ஏற்பியைத் தொட்டால், அந்தச் செய்தி ராஸ், ராஃப், மெக் என்று கைமாறிக் கடைசியில் எர்க்கிடம் வந்துசேர்கிறது. எர்க் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணுக்கள் விழிக்க வேண்டும் என்பதில் தலையிடுகிறது. எர்க்1, எர்க்2 என இதில் இரண்டு வகை. எடை ஏறத்தாழ 44,000 டால்டன், 42,000 டால்டன். மெக் இவற்றைத் தட்டி எழுப்பும் இடம் மிகச் சிறியது. த்ரியோனின், குளூட்டமிக் அமிலம், டைரோசின் என்று அடுத்தடுத்து நிற்கும் மூன்று அமினோ அமிலங்கள்தான் அந்த இடம். மனித எர்க்1 சங்கிலியில் த்ரியோனின் நிற்பது 202ஆம் இடத்தில், டைரோசின் 204ஆம் இடத்தில். இரண்டின் மேலும் பாஸ்பேட் ஏறினால் எர்க்கின் செயல்திறன் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒன்றில் மட்டும் ஏறினால் அந்தத் திறன் வருவதில்லை.

ஒரு பாஸ்பேட் ஏறுவதால் கூடும் எடை 80 டால்டன். இரண்டுக்கும் சேர்த்து 160. மொத்த எடை 44,000 என்றால், இது ஆயிரத்தில் நான்கு பங்குகூட ஆகாது. ஒரே ஜாடையுள்ள பெருங்கூட்டத்தில் நெற்றியில் பொட்டு வைத்தவர்களை மட்டும் தனியே அழைப்பதற்கு ஒப்பான வேலை இது. உயரத்தையும் எடையையும் வைத்து அவர்களைப் பிரிக்க முடியாது; பொட்டைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். உயிரியல் ஆய்வகங்களில் அந்தக் கண்ணாக இருப்பது பாஸ்போ-எர்க் ஆன்டிபாடி. எர்க் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. எர்க் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது.

கதிர்வீச்சில் தொடங்கிய தேடல்

புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் ஒரு கட்டுப்பாட்டு முறை என்பது 1955இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தெரியவந்தது. முயலின் தசையிலுள்ள ஒரு நொதியை ஆராய்ந்துகொண்டிருந்த எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும், பாஸ்பேட் ஏறினால் அந்த நொதி விழிக்கிறது, இறங்கினால் உறங்குகிறது என்று கண்டார்கள். இதற்காக 1992இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாஸ்பேட் ஏறக்கூடிய அமினோ அமிலங்கள் செரின், த்ரியோனின் இரண்டு மட்டுமே என்று வெகுகாலம் நம்பினார்கள். 1979இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டோனி ஹண்டர், கட்டியை உண்டாக்கும் ஒரு வைரஸின் புரதத்தை ஆராய்ந்தார். பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிப்பது அவர் முறை. அன்று அவர் புதிதாகக் கரைசல் தயாரிக்கவில்லை. ஏற்கெனவே பலமுறை ஓட்டிய பழைய கரைசலையே பயன்படுத்தினார். 1.9 ஆக இருக்க வேண்டிய அதன் பி.ஹெச். 1.7 ஆக இறங்கியிருந்தது. சரியான கரைசலில் த்ரியோனினோடு ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கும் ஒரு பொருள், அந்தப் பழைய கரைசலில் தனிப்புள்ளியாகப் பிரிந்து நின்றது. அது பாஸ்பேட் ஏறிய டைரோசின். சாதாரண செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் டைரோசினின் பங்கு பத்தாயிரத்தில் மூன்று அளவுதான். அதனால்தான் அதுவரை அது யார் கண்ணிலும் படவில்லை.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 தேவைப்பட்டது. செல்களுக்கு அதை ஊட்டி, அக்ரிலிக் தடுப்புக்குப் பின்னால் நின்று வேலை செய்து, பிரித்தெடுத்த புரதத்தை எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்து இருட்டில் நாட்கணக்கில் வைத்திருப்பார்கள். பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் 14.3 நாள். வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக வேலை செய்ய முடியாது. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த கட்டித் துண்டுக்கு இதை ஊட்டிப் பார்ப்பதும் நடக்கிற காரியமல்ல.

எர்க்கும் இந்த முறையில்தான் முதலில் பிடிபட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டர்ஜிலும் பிரையன் ரேயும் 1980களின் நடுவில் கொழுப்புச் செல்களுக்கு இன்சுலின் கொடுத்து, எந்தக் கைனேஸ் விழிக்கிறது என்று தேடினார்கள். கிடைத்த கைனேஸின் த்ரியோனினிலும் டைரோசினிலும் பாஸ்பேட் இருந்தது. 1990இல் ஸ்டர்ஜில் குழு இன்னொரு முக்கியமான உண்மையைக் காட்டியது. இரண்டு பாஸ்பேட்டில் எதை நீக்கினாலும் அந்தக் கைனேஸ் அணைந்துவிடுகிறது. அதே ஆண்டில் மெலனி காப் உள்ளிட்ட குழுவினர் எர்க்1இன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டில் பாஸ்பேட் ஏறும் அந்த மூன்று அமினோ அமிலங்களின் வரிசையும் உறுதியானது. இரண்டு பாஸ்பேட்டும் எங்கே ஏறுகின்றன என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. இனி அந்த இடத்தை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி வேண்டும்.

முயலும் கடல் நத்தையும்

பாஸ்பேட்டை அடையாளம் காணும் ஆன்டிபாடி சாத்தியம் என்பது 1981இலேயே தெரிந்திருந்தது. அலோன்ஸோ ராஸ், டேவிட் பால்டிமோர், ஹெர்மன் ஐசன் மூவரும் அந்த ஆண்டில் பாஸ்போடைரோசினைப் பிடிக்கும் ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். அது எந்தப் புரதத்தின் டைரோசினில் பாஸ்பேட் இருந்தாலும் பிடிக்கும். அடுத்த ஆண்டு பால் கிரீன்கார்டின் குழு, ஒரு குறிப்பிட்ட புரதத்தின் பாஸ்பேட் ஏறிய வடிவத்தையும் ஏறாத வடிவத்தையும் வேறுபடுத்தும் ஆன்டிபாடிகளைச் செய்துகாட்டியது.

தயாரிக்கும் முறை இதுதான். எர்க்கின் அந்த மூன்று அமினோ அமிலங்களையும் இரு பக்கமும் உள்ள அண்டை அயலையும் சேர்த்து, பத்துப் பதினைந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு சங்கிலியை வேதியியல் முறையில் கட்டுகிறார்கள். கட்டும்போதே உரிய இடத்தில் பாஸ்பேட்டை வைத்துவிடுகிறார்கள். ஆனால் இதை நேராக முயலுக்குள் செலுத்தினால் பயன் குறைவு. துண்டு மிகச் சிறியது. போதாக்குறைக்கு முயலின் சொந்த எர்க்கிலும் இதே வரிசை உண்டு. தன் உடலில் இருப்பதைப் போன்ற பொருளைக் கண்டு நோயெதிர்ப்பு மண்டலம் எளிதில் கிளர்ந்தெழுவதில்லை.

இங்கே உதவிக்கு வருவது கலிஃபோர்னியக் கடற்கரைப் பாறைகளில் வாழும் ஒரு நத்தையினம். மெகதுரா கிரெனுலேட்டா என்னும் அந்த நத்தையின் இரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு ஆக்சிஜனைச் சுமக்கிறது. அதனால் இரத்தம் நீலமாக இருக்கும். செம்பு கொண்ட அந்த ஹீமோசயனின் புரதம் மிகப் பெரியது. முயலின் உடலுக்கு முற்றிலும் அந்நியமானது. எர்க் துண்டை அதன் மேல் ஒட்டிச் செலுத்தினால், அந்நியனைக் கண்டு விழிக்கும் டி-செல்களின் உதவி, துண்டை அடையாளம் காணும் பி-செல்களுக்கும் கிடைத்துவிடுகிறது. சில வார இடைவெளிகளில் ஊசி போட்டு, பிறகு முயலின் இரத்தத்திலிருந்து சீரம் எடுக்கிறார்கள்.

அந்தச் சீரத்தில் எல்லாம் கலந்துகிடக்கும். நத்தைப் புரதத்தைப் பிடிப்பவை இருக்கும். பாஸ்பேட்டைக் கண்டுகொள்ளாமல் வெறும் எர்க் சங்கிலியைப் பிடிப்பவையும் இருக்கும். ஏனென்றால் முயலின் பாஸ்படேஸ்கள் செலுத்திய துண்டுகள் சிலவற்றிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டிருக்கலாம். அதனால் சீரத்தை முதலில் பாஸ்பேட் இல்லாத துண்டுகள் ஒட்டிய மணிகளின் ஊடே வடிக்கிறார்கள். அதில் சிக்குபவை வேண்டாதவை. சிக்காமல் கீழே வந்ததை பாஸ்பேட் உள்ள துண்டுகள் ஒட்டிய மணிகளின் ஊடே மறுபடி வடிக்கிறார்கள். இம்முறை சிக்குபவைதான் தேவையானவை. அமிலக் கரைசல் ஊற்றி அவற்றை விடுவித்து எடுக்கிறார்கள்.

ஆன்டிபாடி ஒன்றின் எடை சுமார் 1,50,000 டால்டன்; எர்க்கைப் போல மூன்றரை மடங்கு. ஆனால் அது தொடும் இடம் அதன் இரு கை நுனிகளிலும் உள்ள சிறு குழிவு மட்டுமே. எதிர்மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட், அந்தக் குழிவுக்குள் கச்சிதமாக உட்கார்ந்து இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்கிறது. பாஸ்பேட் இல்லாவிட்டால் அந்த இணைப்புகள் கிடைக்காது, பிடிப்பு விட்டுப்போகிறது.

ஒரு முயல் எவ்வளவு காலம் சீரம் தரும்? முயல் போனால் அந்த ஆன்டிபாடிக் கலவையும் போய்விடும். அடுத்த முயலின் கலவை வேறாக இருக்கும். ஒரே ஒரு பி-செல்லின் வாரிசுகளை அழியாமல் வளர்த்து, ஒரே மாதிரியான ஆன்டிபாடியை எடுத்துக்கொண்டே இருக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் கண்டுபிடித்திருந்தார்கள். இவ்வகை மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்றை, எர்க்கின் இரு பாஸ்பேட்டும் ஏறிய வடிவத்துக்காக இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரோனி செகர் குழு 1997இல் அறிவித்தது.

இரண்டு கோடுகள்

ஆய்வகத்தில் இந்த ஆன்டிபாடியின் அன்றாட வேலை வெஸ்டர்ன் பிளாட் என்னும் சோதனையில்தான். செல்களை வளர்ப்புத் தட்டில் முந்தைய நாளே சீரம் இல்லாத ஊடகத்தில் பட்டினி போடுகிறார்கள். எர்க் அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதற்காக. மறுநாள் ஒரு தட்டுக்கு ஈ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைச் சேர்க்கிறார்கள், ஐந்தே நிமிடம். இன்னொரு தட்டுக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. பிறகு தட்டுகள் ஐஸ் மீது போகின்றன.

இங்கிருந்து எல்லாமே அவசரம். செல் உடைந்ததும் அதன் பாஸ்படேஸ்கள் கட்டவிழ்ந்து, கண்ணில் பட்ட பாஸ்பேட்டையெல்லாம் கழற்றத் தொடங்கும். எனவே செல்லை உடைக்கும் கரைசலிலேயே சோடியம் வனடேட்டும் சோடியம் ஃபுளோரைடும் கலந்திருக்கும். அவை பாஸ்படேஸ்களின் வாயைக் கட்டிவிடும். இவற்றைச் சேர்க்க மறந்தவருக்கு, எர்க் எவ்வளவு வேகமாக இயங்கியிருந்தாலும் கடைசியில் ஒன்றும் தெரியாது.

உடைத்த செல்சாற்றை ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால், சிறிய புரதங்கள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் கீழே இறங்கி, எடைவாரியாகப் பிரிகின்றன. பிரிந்தவற்றை அப்படியே ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றுகிறார்கள். சவ்வில் காலியாக உள்ள இடங்களில் ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொள்ளாதிருக்க, முதலில் வேறு ஏதாவது புரதத்தால் அந்த இடங்களை நிரப்ப வேண்டும். வழக்கமாக இதற்குக் கொழுப்பு நீக்கிய பால்பவுடரே போதும், விலையும் மலிவு. ஆனால் பாஸ்பேட் தேடும் ஆன்டிபாடிகளுக்குப் பால் அவ்வளவாக ஒத்துவருவதில்லை. பாலின் முக்கியப் புரதமான கேசீன் மேலெல்லாம் பாஸ்பேட் சுமக்கும் புரதம். சவ்வு முழுவதும் மங்கலான கறை படிந்து, வேண்டிய கோடு அதில் மறைந்துவிடக்கூடும். அதனால் மாட்டின் இரத்த அல்புமினைக் கரைத்து ஊற்றுகிறார்கள்.

பாஸ்போ-எர்க் ஆன்டிபாடியில் சவ்வு குளிர்ப்பெட்டிக்குள் இரவு முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும். காலையில் கழுவி, முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியைச் சேர்க்கிறார்கள். அதோடு ஒட்டியிருக்கும் நொதி, உரிய வேதிப்பொருளை ஊற்றியதும் ஒளி உமிழ்கிறது. கேமரா அந்த ஒளியைப் பதிவு செய்ததும் திரையில் இரண்டு கோடுகள் தெரிகின்றன. மேலே 44, கீழே 42. நெருக்கமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஈ.ஜி.எஃப். சேர்த்த தடத்தில் கறுப்பாக இருக்கும். சேர்க்காத தடத்தில் இருந்தும் இல்லாமலும் இருக்கும்.

வேலை இதோடு முடிவதில்லை. கோடு கறுத்திருப்பதற்கு எர்க் விழித்தது காரணமா, அல்லது அந்தத் தடத்தில் கூடுதல் சாறு ஏற்றப்பட்டதா? இதைத் தீர்க்க, பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எர்க்கைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியைக் கொண்டு மொத்த எர்க்கையும் பார்க்கிறார்கள். மொத்த எர்க் எல்லாத் தடங்களிலும் சமமாக இருந்து, பாஸ்போ-எர்க் மட்டும் மாறினால்தான் அந்த மாற்றத்துக்கு மதிப்பு.

இப்படி நிமிடக் கணக்கில் பார்த்ததில் வெளிவந்த ஒரு செய்தி எர்க்கைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. பி.சி.12 என்பது எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து 1976இல் எடுத்த செல்வகை. ஈ.ஜி.எஃப். கொடுத்தால் அது பெருகும். நரம்பு வளர்ச்சிக் காரணி கொடுத்தால் பெருகுவதை நிறுத்தி, நரம்புச் செல்லைப் போலக் கிளை விடும். இரண்டு காரணிகளுமே எர்க்கை எழுப்புகின்றன. ஆனால் ஈ.ஜி.எஃப். எழுப்பிய எர்க் சில நிமிடங்களில் உச்சம் தொட்டு விரைவில் அடங்கிவிடுகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி எழுப்பிய எர்க் மணிக்கணக்கில் விழித்திருக்கிறது. எர்க் விழித்ததா என்பதைவிட, எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதே செல்லின் போக்கைத் தீர்மானிக்கிறது.

பழ ஈயின் கருவில் ஒரு வரைபடம்

வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரு குறை உண்டு. செல்களை உடைத்து ஒன்றாகக் கலக்குவதால், எந்தச் செல்லில் எர்க் விழித்திருந்தது என்ற விவரம் தொலைந்துபோகிறது. ஆன்டிபாடியை உடைக்காத திசுவிலேயே ஊற்றினால்?

1997இல் வைஸ்மன் நிறுவனத்தில் பென்-சியோன் ஷிலோவின் குழு, செகரின் ஆன்டிபாடியைப் பழ ஈயின் கருவில் பயன்படுத்திப் பார்த்தது. ஈயிலிருந்து மனிதன் வரை எர்க்கின் அந்தச் சிறு வரிசை மாறாமல் இருப்பதால், அதே ஆன்டிபாடி ஈயிலும் வேலை செய்தது.

பழ ஈயின் இளம் கருவில் டார்சோ என்னும் ஏற்பி கருவின் மேற்பரப்பு முழுவதும் சீராகப் பரவியிருக்கிறது. டார்சோவுக்கான ஆன்டிபாடியைப் போட்டால் கரு முழுவதும் நிறமேறும். அதிலிருந்து ஒன்றும் புரியாது. பாஸ்போ-எர்க் ஆன்டிபாடியைப் போட்டபோது கருவின் இரண்டு முனைகள் மட்டும் நிறமேறின. ஏற்பி எங்கும் இருக்கிறது. அதை விழிக்கவைக்கும் செய்தி முனைகளுக்கு மட்டுமே போகிறது. தலைமுனையும் வால்முனையும் எங்கே என்று கரு தெரிந்துகொள்வதற்கு இதுவும் ஒரு வழி. கரு வளர வளர நிறம் இடம் மாறியது. வயிற்றுப்பக்கத்து நடுக்கோட்டை ஒட்டி, பிறகு மூச்சுக்குழாய்கள் உருவாகப்போகும் இடங்களில், பரவிச் செல்லும் தசைமுன்னோடிச் செல்களின் முன்விளிம்பில் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு செல்கள் எர்க்கை எழுப்பின. அதுவரை மரபணுத் திரிபுகளை ஆராய்ந்து ஊகித்துவந்த செய்திப் போக்குவரத்தை, நடந்த இடத்திலேயே கண்ணால் காண முடிந்தது.

எண்பது சதவீதம்

ஆராய்ச்சி மேசையிலிருந்து மருத்துவமனைக்கு இந்த ஆன்டிபாடி போன கதை மெலனோமா என்னும் தோல் புற்றுநோயோடு தொடர்புடையது. 2002இல் பிரிட்டனின் சாங்கர் நிறுவனத்தினர் தலைமையிலான குழு, மெலனோமாக்களில் பெரும்பாலானவற்றில், ராஃப் வகைகளில் ஒன்றான பி-ராஃபின் மரபணு திரிந்திருப்பதைக் கண்டது. அதிகம் காணப்பட்ட திரிபில் 600ஆம் இடத்திலுள்ள வேலினுக்குப் பதிலாகக் குளூட்டமிக் அமிலம் வந்து உட்கார்ந்திருந்தது. எதிர்மின்னூட்டம் கொண்ட அந்த அமிலம், பாஸ்பேட் ஏறியதைப் போன்ற விளைவை ராஃபில் உண்டாக்கிவிடுகிறது. வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலேயே ராஃப் மெக்கை எழுப்ப, மெக் எர்க்கை எழுப்புகிறது.

திரிந்த பி-ராஃபை அடக்க வெமுராஃபெனிப் என்ற மருந்து உருவானது. மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியபோது கட்டிகள் எதிர்பார்த்தபடி சுருங்கவில்லை. மாத்திரையின் முதல் வடிவம் உடலில் சரியாக ஈர்க்கப்படாததால் இரத்தத்தில் மருந்து போதிய அளவு சேரவில்லை. மருந்தைப் புதிய வடிவில் தயாரித்துக் கொடுத்தபோது கட்டிகள் சுருங்கத் தொடங்கின.

நோயாளிகளிடமிருந்து சிகிச்சைக்கு முன்பும் தொடங்கிய பின்பும் எடுத்த கட்டித் துண்டுகளில் பாஸ்போ-எர்க் ஆன்டிபாடியைப் போட்டு ஒப்பிட்டார்கள். 2010இல் வெளியான முடிவு இதுதான்: சைட்டோபிளாசத்தில் உள்ள பாஸ்போ-எர்க் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்த கட்டிகளே சுருங்கின. பாதியளவு அடக்கினால் பாதிப் பலன் கிடைக்கும் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. ஏறக்குறைய முழுவதுமாக அணைத்தாக வேண்டும். மருந்து கட்டிக்குள் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்து வேலை செய்ததா, செய்த வேலை போதுமா என்ற மூன்று கேள்விகளுக்கு ஓர் ஆன்டிபாடி பதில் தந்தது. 2011இல் வெமுராஃபெனிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதே மருந்து இன்னொரு புதிரையும் கிளப்பியது. மருந்து எடுத்துக்கொண்ட சிலருக்குத் தோலில் வேறு வகைப் புற்றுக் கட்டிகள் முளைத்தன. 2010இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே விடை கண்டன. பி-ராஃப் திரியாமல், ராஸ் மட்டும் விழித்திருக்கும் செல்களில் இவ்வகை மருந்தைப் போட்டால் பாஸ்போ-எர்க் கோடு மங்குவதற்குப் பதில் கறுத்தது. ராஃப்கள் அங்கே இணைந்து இயங்குகின்றன. இணையில் ஒன்றின் மேல் மருந்து உட்கார்ந்தால் மற்றது விழித்துக்கொள்கிறது. நோயாளிகளின் புதிய தோல் கட்டிகள் பலவற்றில் ராஸ் திரிந்திருந்தது பின்னர் உறுதியானது. ராஃபோடு சேர்த்து மெக்கையும் அடக்கினால் இந்தச் சிக்கல் குறையும் என்ற தர்க்கம் இதிலிருந்து வலுப்பெற்றது. டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற அத்தகைய இணைமருந்து 2014இல் அனுமதி பெற்றது.

ஆன்டிபாடிக்கே ஒரு தேர்வு

இவ்வளவையும் ஓர் ஆன்டிபாடி சொன்னதை நம்பித்தான் அறிந்தோம். ஆன்டிபாடி தவறு செய்யுமா? நிறையவே செய்யும்.

மான்ட்ரியலை மையமாகக் கொண்ட ஒரு கூட்டு முயற்சி, 65 புரதங்களுக்காகச் சந்தையில் விற்கும் 614 ஆன்டிபாடிகளை ஒரே முறையில் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டது. குறிப்பிட்ட புரதத்தின் மரபணுவை நீக்கிய செல்களையும் நீக்காத செல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். மரபணு இல்லாத செல்லிலும் கோடு வந்தால் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது என்று பொருள். தன் இலக்கை அடையாளம் காணத் தவறிய ஆன்டிபாடியின் தரவு, ஒரு புரதத்துக்குச் சராசரியாகச் சுமார் 12 ஆய்வுக்கட்டுரைகளில் இடம்பெற்றிருந்தது.

பாஸ்போ-எர்க் ஆன்டிபாடிக்கு இந்தத் தேர்வு மட்டும் போதாது. எர்க்கின் மரபணுவை நீக்கிப் பார்த்தால் ஆன்டிபாடி எர்க்கைப் பிடிக்கிறது என்பது உறுதியாகும்; பாஸ்பேட்டை மதித்துப் பிடிக்கிறதா என்பது உறுதியாகாது. அதற்கு வேறு சோதனைகள் உண்டு. செல்சாற்றில் பாஸ்படேஸ் நொதியை ஊற்றிப் பாஸ்பேட்டை நீக்கினால் கோடு மறைய வேண்டும். மெக்கை அடக்கும் யு-0126 போன்ற மருந்தைச் செல்லுக்குக் கொடுத்தாலும் மறைய வேண்டும். ஈ.ஜி.எஃப். கொடுத்தால் தோன்ற வேண்டும். பாஸ்பேட் ஏற முடியாதபடி 202ஐயும் 204ஐயும் வேறு அமினோ அமிலமாக மாற்றிய எர்க்கைத் தொடவே கூடாது.

சொந்தக்காரர்களாலும் தொல்லை உண்டு. ஜேஎன்கே, பி38 என்ற உறவுக் கைனேஸ்களிலும் த்ரியோனின், டைரோசின் இரண்டும் இதே இடைவெளியில் நிற்கின்றன. நடுவிலுள்ள ஒரு அமினோ அமிலம் மட்டும் வேறு. எர்க்5 இன்னும் நெருக்கமான உறவு. அதில் அந்த மூன்றும் எர்க்1இல் உள்ளவையே. வெஸ்டர்ன் பிளாட்டில் எர்க்5 மிகவும் கனமானது என்பதால் வெகு மேலே தனியாக நின்றுவிடும்; குழப்பம் வராது. திசுத் துண்டில் எடை தெரியாது. எது நிறமேறினாலும் பழுப்புதான். அதனால் ஒரு சோதனை முறையில் தேறிய ஆன்டிபாடி இன்னொரு முறையிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கட்டித் துண்டுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. அறுவை அரங்கிலிருந்து எடுத்த துண்டு ஃபார்மலினில் விழத் தாமதமானால், அதற்குள் பாஸ்பேட் கழன்றுவிடக்கூடும். ஆன்டிபாடி சரியாகவே வேலை செய்திருக்கும். ஆனால் அது படித்த திசு நோயாளியின் உடலில் இருந்தபோதிருந்த நிலையில் இருக்காது.

ஒரே செல்லின் வாரிசுகள் என்பதால் மோனோகுளோனல்கள் தூய்மையானவை என்ற நம்பிக்கையும் 2018இல் ஆட்டம் கண்டது. அவற்றைச் சுரக்கும் அழியாச் செல்களான ஹைப்ரிடோமாக்களில் 185ஐச் சோதித்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, இருக்க வேண்டிய சங்கிலிகளுக்கு மேல் கூடுதல் ஆன்டிபாடிச் சங்கிலிகளையும் செய்துகொண்டிருந்தது. இதற்கு முன்பே, 2015இல், ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் புளூக்துனும் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களின் ஆதரவோடு ஒரு கோரிக்கை வைத்திருந்தார்கள். ஆன்டிபாடியின் மரபணு வரிசையைத் தெளிவாக அறிந்து, அதை வளர்ப்புச் செல்களில் வைத்து உற்பத்தி செய்ய வேண்டும் என்பதே அது. அப்படிச் செய்தவை ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகள். 2023 ஆய்விலும் சீரக் கலவை, மோனோகுளோனல் என்ற மற்ற இரண்டு வகைகளைவிட இவையே நன்றாகத் தேறின. வரிசை கையில் இருந்தால் முயல் இறந்தாலும், ஹைப்ரிடோமா கெட்டாலும் கவலையில்லை. பத்தாண்டு கழித்தும் அதே ஆன்டிபாடியைச் செய்துகொள்ளலாம்.

எனவே எர்க் விழித்தது என்று ஒரு கட்டுரை சொன்னால், கறுத்த கோட்டைவிடப் பக்கத்துத் தடங்களைக் கவனிப்பது நல்லது. மொத்த எர்க் எங்கே? மெக்கை அடக்கிய தடம் எங்கே? ஊக்கம் எதுவும் கொடுக்காத தடம் எங்கே? அவை இல்லாத இடத்தில் கறுத்த கோடு எதையும் நிரூபிப்பதில்லை.

பக்கத்துத் தடங்களெல்லாம் சரியாக இருந்தாலும் ஆன்டிபாடியால் சொல்ல முடியாத ஒன்று உண்டு. பல லட்சம் செல்களின் சாற்றில் கோடு பாதிக் கறுப்பாக இருந்தால், எல்லாச் செல்களிலும் எர்க் பாதி விழித்திருந்ததா, பாதிச் செல்களில் முழுதாக விழித்திருந்ததா என்று தெரியாது. செல்லைக் கொன்று நிலைநிறுத்திவிட்டுத் தனித்தனியாகப் பார்த்தாலும், அந்த ஒரு கணத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது தெரியாது. 2013இல் உயிருள்ள செல்லுக்குள்ளேயே எர்க்கின் இயக்கத்தை ஒளியாக மாற்றிக் காட்டும் உணரிகளைக் கொண்டு பார்த்தவர்கள் வியந்துபோனார்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்களில் எர்க் வெவ்வேறு நேரத்தில் விட்டுவிட்டு விழித்து விழித்து அடங்கியது. ஊக்கம் கூடினால் அந்தத் துடிப்புகள் அடிக்கடி வந்தன. வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரே சீராகத் தெரிந்த கோடு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஆயிரக்கணக்கான துடிப்புகளின் சராசரியாகவும் இருக்கலாம். செல் எப்போது பிரிவது என்று முடிவெடுக்க இந்தத் துடிப்புகளை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.